பாலூட்டும் இடைவேளைக்கு மேலே ஒரு ட்ரோன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்லூரிக் கழிப்பறையில் கிடைத்தது. வேறு நல்ல இடத்தில் கிடைத்ததாகச் சொல்லியிருக்கலாம். நெல்லியாம்பதி மலை தெரியும் ஜன்னலோரத்தில், சாரல் அடிக்கும் ஒரு பிற்பகலில் என்று ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்படி ஒரு ஜன்னல் எங்கள் கல்லூரியில் கிடையாது என்பதால் அடித்துவிட்டேன்.

நான் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். கேரளத்துக் கல்லூரியில் தமிழ் ஆசிரியையாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, நம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு தொல்லையும் உண்டு, யாருக்கும் வேண்டாத வேலை நம் தலையில் வந்து விழும். போன வருடம் நடந்த கருத்தரங்கில் ‘சமூகமும் தொழில்நுட்பமும்’ என்று ஓர் அமர்வு வைத்திருந்தார்கள். வேறெந்த அமர்விலும் சேராத கட்டுரைகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதற்கு வைத்த பெயர் அது. தலைமை தாங்க ஆள் கிடைக்கவில்லை. “டீச்சர் ஒண்ணும் பேச வேண்டாம், நேரமானா மணி அடிச்சாப் போதும்” என்று சொல்லி என்னை உட்கார வைத்தார்கள்.

முதல் கட்டுரையை வாசித்தவர் ராஜஸ்ரீ. பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரத்துப் பெண், சட்ட ஆராய்ச்சி மாணவி. தேயிலைத் தோட்டங்களில் பாலூட்டும் தாய்மாருக்கான தொழிலாளர் சட்டம் பற்றிப் பேசினார். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, பாலூட்டுவதற்கென்று ஒரு நாளில் இரண்டு இடைவேளை தர வேண்டும். குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்வரக் கூடுதல் நேரமும் கொடுக்க வேண்டும். சட்டத் தொகுப்புகளின் பெயர் மாறியபோதும் இந்த இரண்டு இடைவேளை மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்றார். சட்டம் வந்து சேர்ந்துவிட்டது, தாய்தான் குழந்தையிடம் போய்ச் சேரவில்லை என்றும் சொன்னார். நான் மணி அடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தவர் ஒரு ட்ரோன்காரர். காற்று எதிர்த்தாலும் சுமை ஏறினாலும் ட்ரோனின் மோட்டார் வேகம் தவறாமல் சுற்றுவது எப்படி என்பது அவர் ஆராய்ச்சி. மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் விட்டு விட்டுக் கொடுப்பார்களாம். எத்தனை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறதாம் எல்லாம். கடைசியில் ஒரு காணொளி போட்டார். சுமையோடு மெதுவாகச் சுற்றும்போது அந்த மோட்டார் ஒரு சத்தம் எழுப்பியது. மூக்கால் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இழுத்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரையில் ஓடிய கோட்டைத்தான் குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தின் நடுவில் ராஜஸ்ரீ எழுந்து, துப்பட்டாவை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தன் கட்டுரை முடிந்ததும் எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அன்றும் வந்தது.

அமர்வு முடிந்து கழிப்பறைக்குப் போனேன். ராஜஸ்ரீ அங்கே குழாய்க்குப் பக்கத்தில் நின்று குர்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்கோ டீச்சர். ஆத்தில் நாலு மாசக் குழந்தை இருக்கு. இவர் வீடியோ போட்டாரே, அந்த சப்தம் கேட்டதும் பால் வந்துடுத்து. அழறாப்லயே இருந்தது. அது மோட்டாராக்கும்னு ஒடம்புக்குத் தெரியலை.”

“உக்கார்றதுக்கு ரூம் ஒண்ணும் இல்லீங்களா இங்க?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது நான் வேலை செய்யும் கல்லூரி என்பது உறைத்தது. பாலூட்டும் தாய்மாரைப் பற்றிக் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்ட இடத்தில், ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை இல்லை.

தலைமை தாங்கியதற்காக எனக்குப் போர்த்திய பொன்னாடை கையில் இருந்தது. அதைக் கொடுத்தேன். ஜரிகைக் கரை போட்ட அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அவர் பஸ் ஏறப் போனார். பார்த்தவர்கள் ஏதோ விருது என்று நினைத்திருப்பார்கள்.

2

நடந்தது இவ்வளவுதான். இனி வருவது நான் இட்டுக்கட்டுவது.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் அவர்களைச் சும்மா விடமாட்டோம். ராஜஸ்ரீயையும் ட்ரோன்காரரையும் கணவன் மனைவி ஆக்கினேன். அவளுக்குக் கிருஷ்ணப்ரியா என்றும் அவனுக்கு ஆதர்ஷ் என்றும் பெயர் வைத்தேன். நிஜத்தில் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தன் மோட்டார் அன்று என்ன செய்தது என்பது ட்ரோன்காரருக்கு இன்றுவரை தெரியாது.

முதல் தொடக்கம்: ‘பீர்மேட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு தாயின் கண்கள் ஈரமாகி—’

நிறுத்திவிட்டேன். பீர்மேடு என்று எழுதினாலே பனியும் தேயிலையும் ஈரக் கண்ணும் தாமாக வரிசையில் வந்து நிற்கின்றன, ஸ்டாண்டில் ஜீப் நிற்பதுபோல. இந்தக் கதையில் நனைவது கண் அல்ல.

இரண்டாம் தொடக்கம்: ‘மோட்டாரின் மூன்று சுருள்களுக்கும் முறைவைத்து மின்சாரம்—’

இதை என் கணவர் தங்கதுரை படித்தார். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் தென்னையும் மாடுகளும் வைத்திருக்கும் விவசாயி. என் கதைகளை அச்சுக்குப் போகும்முன் படிக்கிற ஒரே ஆள். அச்சான பிறகு படிக்கிறவர்களும் அதிகமில்லை.

“கரண்டு ஆபீசுக்கு எழுதுன பெட்டிசனாட்ட இருக்குது புள்ள” என்றார்.

ஆகவே மூன்றாவது:

கிருஷ்ணப்ரியா ஆராய்ச்சிக்காகப் பீர்மேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.* கொழுந்து எடுக்கும் பெண்களின் கைக்குழந்தைகளைக் கிரெச்சில் ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். கிரெச் கீழே, தொழிற்சாலையை ஒட்டி இருந்தது. மேல்காட்டில் கொழுந்து எடுக்கும் தாய் இறங்கிவந்து பாலூட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். இரண்டு முறை இறங்கி ஏறினால் வேலை என்ன ஆவது என்று, நிர்வாகம் இரண்டு இடைவேளையையும் ஒன்றாக்கிச் சாப்பாட்டு நேரத்தோடு ஒட்டவைத்திருந்தது. சட்டம் சொன்னது இரண்டு. காட்டில் கிடைத்தது ஒன்று. அந்த ஒன்றை இரண்டாக்க வேண்டும் என்பதுதான் கிருஷ்ணப்ரியாவின் ஆராய்ச்சி. அவளுக்கும் கல்பாத்தியில் ஒரு கைக்குழந்தை உண்டு. மலைக்குப் போகும் நாட்களில் பையில் ஒரு பால் பம்பும் உடன் போகும்.

* எஸ்டேட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் அந்தப் பெயரில் எங்காவது ஓர் எஸ்டேட் இருந்து தொலைக்கிறது.

3

அன்னமேரியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவள் மேல்காட்டில் கொழுந்து எடுப்பவள், கிரெச்சில் ஏழு மாதப் பெண் குழந்தை, லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பு. இவ்வளவும் சரி. முதல் பிரதியில் அவள் பேச ஆரம்பித்ததும் வம்பு வந்தது. ‘சட்டம் வந்து சேந்துருச்சு தாயி, நாங்கதான் பிள்ளகிட்ட போய்ச் சேரல’ என்றெல்லாம் பேசினாள். அது ராஜஸ்ரீயின் கட்டுரையில் இருந்த வாக்கியம். நான் அதைக் கொஞ்சம் கொச்சையாக்கி அவள் வாயில் போட்டிருந்தேன். கொழுந்து எடுக்கிறவளைக் கொண்டு நம் கட்டுரையை நாமே வாசிக்க வைப்பதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

“மேலே இருக்கச்சே குழந்தை நெனப்பு வராதோ?” என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள்.

“கொழுந்து எடுக்கையில வராது மேடம். நெஞ்சு கட்டிக்கிட்டு வலிக்கும்லா, அப்ப வரும்.”

“வலிச்சா என்ன பண்ணுவேள்?”

“செடி மூட்டுல பீச்சி விட்டுருவோம். ஆம்பளையாளு இங்கிட்டு வராம இன்னொருத்தி நிப்பா.”

“ஒரு நேரம் எறங்கறதே கஷ்டமாச்சே.”

“கஷ்டந்தான். கால் கடுக்கும். எறங்குறப்பத் தெரியாது, ஏறுறப்பத்தான் தெரியும்.”

[குழந்தை கீழே இருப்பதால் இறங்கும்போது அவளுக்குக் கால் வலிக்கவில்லை என்று இந்த இடத்தில் ஒரு விளக்கம் எழுதியிருந்தேன். உங்களுக்கு அது வேண்டியிராது.]

4

இனிமேல்தான் தப்பு நடக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு.

கிருஷ்ணப்ரியா தன் ஆய்வேட்டில் ஒரு படம் வரைந்திருந்தாள். மேல்காட்டிலிருந்து கிரெச்சுக்குப் போகும் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். அந்தச் சுற்று எவ்வளவு என்பதைப் படிக்கிறவர்களுக்கு உணர்த்த, இரண்டு இடத்துக்கும் நடுவில் நேராக ஒரு புள்ளிக்கோடு போட்டாள். இத்தனை கிட்டத்தில் இருக்கும் குழந்தையிடம் இத்தனை சுற்றிப் போகிறாள் என்பது பொருள். ஆதர்ஷ் சாப்பாட்டு மேசையில் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அந்த அத்தியாயத்தைப் படித்தான். மனைவி எழுதியதை வரி விடாமல் படிக்கிற கணவன் அவன், அதை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் அவன் கண் புள்ளிக்கோட்டில் போய் நின்றுவிட்டது.

“ப்ரியா, இந்தக் கோடு எத்தனை தூரம் வரும்?”

“அது சும்மா காட்டறதுக்குப் போட்டதாக்கும். அந்த வழியா யாரும் போக முடியாது. நடுவுல பள்ளம்.”

“அம்மா போக முடியாது. பால் போலாமே.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளுடைய பால் பம்பு கடகடத்தபோது அதைப் பிரித்து, உள்ளே இருந்த குட்டி மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தவன் அவன்தான். பிறர் கஷ்டம் மோட்டார் வழியாக வந்தால்தான் அவனுக்குப் பிடிபடும். அந்த வழியாக வந்துவிட்டால் அவன் தூங்கமாட்டான்.

“களத்துல பறக்கவிட்டுக் காட்டலைன்னா தீஸிஸ் வாங்க மாட்டேங்கறார் கைடு” என்றான். “இதைப் பண்ணட்டுமா? உன் பொம்மனாட்டிகளுக்கும் ஏறி எறங்க வேண்டாம்.”

“பண்ணேன்” என்றாள் அவள். தூக்கக் கலக்கத்தில் சொன்னது. அந்தத் தூக்கக் கலக்கத்தை நான்தான் சேர்த்தேன், அவள்மேல் உங்களுக்குக் கோபம் வரக்கூடாது என்று.

இரண்டு இடைவேளை கேட்டுக் கிருஷ்ணப்ரியா கொடுத்த கோரிக்கைக்கு மாதக்கணக்கில் பதில் சொல்லாத நிர்வாகம், ஆதர்ஷின் ட்ரோனுக்கு உடனே சரி என்றது. மேனேஜர் தன் அறையில் இருவருக்கும் காப்பி கொடுத்தார்.

“மேடம் கேட்டது நியாயம்தான். இப்ப நாங்க சட்டத்துக்கு மேலயே செய்றோம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை என்ன, நாலு தடவை பால் கீழ வரும்.”

“அப்போ மத்தியானம் அவா எறங்கி வர்றது?”

“பால் வந்துட்டா ஆள் எதுக்கு மேடம் வரணும்? மேலயே உக்காந்து சாப்பிட்டுக்கட்டும்.”

கிருஷ்ணப்ரியா காப்பியைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள். ஒன்றை இரண்டாக்க வந்தவள் அந்த ஒன்றையும் இல்லாமல் ஆக்கப்போகிறாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆதர்ஷுக்குப் புரியவில்லை. மேனேஜர் பாராட்டுகிறார் என்று நினைத்து அவன் இரண்டாவது காப்பி வாங்கிக்கொண்டான்.

5

ட்ரோன் பறந்த நாள்.

மேல்காட்டில் கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். அன்னமேரி அதற்குள் உட்கார்ந்து பாலைப் பீச்சி பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்தாள். வெட்கப்பட்டாள் என்று எழுதினேன். பிறகு, வெட்கப்பட்டது ஆண்கள்தான் என்று மாற்றினேன். பீல்டு ஆபீசர் யாக்கோபு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்தது. கீழேயிருந்து பள்ளத்தைத் தாண்டி, குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேகமாக வந்தவரை சாதாரண ட்ரோன் சத்தம்தான். ஷெட்டுக்கு மேலே நின்று மெல்ல இறங்கத் தொடங்கியதும் சத்தம் மாறியது. மூக்கால் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இழுத்தது.

நிரை நிரையாக நின்ற பெண்கள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தினார்கள். “யாரு பிள்ள அழுவுது?” என்று ஒருத்தி கேட்டாள். அன்னமேரி பாட்டிலைப் பிடித்த கையோடு நின்றாள். இப்போதுதான் பீச்சி எடுத்திருந்தாலும் அவள் சட்டை நனைந்தது. கைக்குழந்தை வைத்திருந்த வேறு ஒருத்திக்கும் நனைந்தது. கிருஷ்ணப்ரியா தன் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆதர்ஷ் ஓடிவந்து பாட்டிலைப் பெட்டியில் வைத்தான். ட்ரோன் மேலே ஏறி, சாதாரண சத்தத்துக்கு மாறி, பள்ளத்தைத் தாண்டிப் போனது. அன்னமேரி முதுகிலிருந்த கூடையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாதையில் இறங்கத் தொடங்கினாள்.

“அன்னமேரி, எங்க போற?” என்றார் யாக்கோபு. “பாலுதான் போயிருச்சுல்ல?”

“பிள்ள அழுவுது சார்.”

“ஏ பிள்ள, அது மிஷினு.”

“தெரியும் சார். போயிட்டு வாரேன்.”

(இந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன் என்று அன்று தோன்றியது. எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன்.)

சாயங்காலம் மேனேஜர் அறையில் கூட்டம். பறந்தது சரி, பால் கெடாமல் வந்ததும் சரி, அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் மாதம் பிறந்ததும் ஆரம்பித்துவிடலாம் என்றார் அவர். எடுத்துவிடலாம் என்றான் ஆதர்ஷ். மோட்டாருக்கு எழுதிய மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

6

எந்த எண் என்று தேடுவதற்கு, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் ஒரு வாடகை ஷெட். பக்கத்தில் கம்பி வளைக்கும் பட்டறை, எதிரே நெல்வயல். ஆதர்ஷ் மோட்டாரை மேசையில் முடுக்கி, மைக் வைத்து அளந்து பார்த்தான். அளவில் ஒன்றும் அகப்படவில்லை. எந்தச் சத்தத்தைக் கேட்டால் தாய்க்குப் பால் சுரக்கிறது என்று மைக்குக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. வீட்டில் ஒருத்திக்குத் தெரியும்.

“நீ சும்மா உக்காந்தாப் போறும் ப்ரியா. நான் ஒவ்வொண்ணா மாத்தறேன். வந்தா இருக்குன்னு சொல்லு, வரலைன்னா இல்லைன்னு சொல்லு.”

காலையிலிருந்து பாலை எடுக்காமல் வந்து அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். அவளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று அப்படி உட்கார்ந்தான். அதனால் அவன் அவளைப் பார்க்கமுடியாது, அவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

மோட்டார் மூக்கால் இழுத்தது.

“இப்போ?” என்றான் ஆதர்ஷ்.

7

இந்த இடத்தில் நான் பல வாரம் நின்றேன். என்னிடம் இருக்கும் முடிவுகளைக் கடை விரித்துவிடுகிறேன்.

உண்மையைச் சொல்கிறாள். இருக்கு, இருக்கு, இன்னும் இருக்கு, இப்போ இல்லை. அவன் எண்ணைக் கண்டுபிடிக்கிறான். ட்ரோன் வாயை மூடிக்கொண்டு பறக்கிறது. தீஸிஸ் தேறிவிடுகிறது, கருத்தரங்கில் கைதட்டுகிறார்கள், யாராவது ஒரு தமிழ் டீச்சர் மணி அடிக்கிறாள். அன்னமேரி மத்தியானம் இறங்குவதில்லை. பெயர் பாலூட்டும் இடைவேளை, ஆனால் ஊட்டுவது ஆயா.

பொய் சொல்கிறாள். நனைந்துகொண்டே ‘இல்லை’ என்கிறாள். ட்ரோன் அதே சத்தத்தோடு மலைக்குப் போய், யாக்கோபுக்கு எதிரிலேயே பெண்களின் சட்டையை நனைத்து, பெரிய ரகளையாகி, திட்டம் நிற்கிறது. அன்னமேரியின் ஒரு நடை பிழைத்துவிடுகிறது. ஆதர்ஷின் சில வருட உழைப்பு போய்விடுகிறது, போனதற்குக் காரணம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது. கூச்சப்பட்டு நிற்கப்போகும் பெண்களிடம் கிருஷ்ணப்ரியா கேட்கவும் இல்லை.

இரண்டையும் தங்கதுரையிடம் சொன்னேன். அவர் தேங்காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

“அவன் என்ன அசலாளா? கட்டுன புருசந்தானொ? அந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லிப்போட்டா என்ன கேடு?”

அதையும் எழுதிப்பார்த்தேன்.

“ஆதர்ஷ், இந்தச் சத்தத்தை நீ எடுத்துட்டா அவாளுக்கு இருக்கற ஒரு எடவேளையும் போயிடும்.”

“சட்டத்துல இருக்கறதை நான் எப்படி எடுக்க முடியும்?”

“சட்டத்துல இருக்கு. காட்டுல இருக்காது.”

“அதை மேனேஜர்ட்ட சொல்லு, லேபர் ஆபீசர்ட்ட சொல்லு. நான் மோட்டாருக்குத்தான் ஜவாப் சொல்ல முடியும்.”

இதற்கு மேல் அந்தப் பேச்சு நகர மறுத்தது. அவன் சொல்வதும் சரி. அவள் சொல்வதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கும் வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடமாட்டார்கள்.

“நானொண்ணு சொல்லட்டா?” என்றார் தங்கதுரை. “கன்னு செத்துப்போன மாட்டுக்கு வைக்கோல் கன்னு கட்டி வெச்சுக் கறப்பாங்கல்லொ, அதாட்டத்தான் இருக்குது நீ எழுதறது.”

“ஏனுங்க, பொம்பளைகளையும் மாட்டையும் ஒண்ணாப் பேசாதீங்க.”

“நான் மாட்டப் பத்தித்தான் பேசுனேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. வைக்கோல் கன்றையும் கதையிலிருந்து எடுக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

8

வழி தெரியாமல் கதையை ராஜஸ்ரீக்கே அனுப்பினேன். அவரை வைத்துத்தானே எல்லாம். கழிப்பறை வேண்டாம் என்று சொன்னால் அதை எடுத்துவிடலாம் என்றும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

“கழிப்பறை இருக்கட்டும் டீச்சர். சட்ட விதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேள். எங்காத்துக்காரர் பேங்கில் இருக்கார், மோட்டார்னா ஓடிப்போயிடுவார். மத்தபடி ஒண்ணும் இல்லை.”

“அந்தக் கிருஷ்ணப்ரியா என்ன சொல்லுவாங்க? இருக்குன்னா, இல்லைன்னா?”

“என்னைக் கேக்காதீங்கோ” என்றார். “எனக்குப் பால் நின்னுடுத்து டீச்சர். ஆறாம் மாசமே. லைப்ரரிக்கும் ஆத்துக்கும் நடுவுல ஓடிண்டிருந்தேனா, என்னிக்கு நின்னுதுன்னே தெரியலை. குழந்தை நன்னாத்தான் இருக்கு, டின் பால் குடிக்கறது. நான்தான் இப்பவும் யாராத்துக் குழந்தை அழுதாலும் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கறேன். ஒண்ணும் வராது.”

பொன்னாடையைப் பற்றி விசாரித்தேன். ஜரிகை குத்துவதால் குழந்தைக்கு விரிக்க முடியவில்லை, மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். துக்கமாக இருந்தது. பேச்சை முடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

“அது சரி டீச்சர், அந்த அன்னமேரி எறங்கினாளே. அப்புறம் அவளைக் காணலையே. போய்ச் சேர்ந்தாளா?”

போனை வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினேன். ஐந்தாம் பகுதியில் கூடையைக் கழற்றி வைத்தவளைக் காணோம். நான் மேனேஜர் அறைக்குப் போய்விட்டேன், அங்கிருந்து எலப்புள்ளிக்கு. படித்த இருவருடைய தர்மசங்கடத்தில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்தேன். அத்தனை நாளும் ஒருத்தி நனைந்த சட்டையோடு மலைப்பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு அவளிடம் திரும்பிப் போனேன்.

9

அன்னமேரி இறங்கினாள். கிருஷ்ணப்ரியாவையும் அவளோடு அனுப்புகிறேன். கூட்டம் சாயங்காலம்தானே, அதுவரை அவளுக்கு மேல்காட்டில் என்ன வேலை.

பாதை சுற்றிச் சுற்றி இறங்கியது. அன்னமேரி வேகமாக நடந்தாள். கிருஷ்ணப்ரியா சரளையில் வழுக்கி வழுக்கிப் பின்னால் வந்தாள். முதல் வளைவிலேயே, பாட்டிலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ட்ரோன் அவர்களுடைய தலைக்கு மேலே எதிர்ப்பக்கம் போனது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

“அன்னமேரி, பால் போய்ச் சேர்ந்தாச்சு. மெதுவாப் போலாமே.”

“சும்மா வாங்க மேடம்.”

கிரெச்சில் தொட்டில்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஆயா வாசலிலேயே உதட்டில் விரலை வைத்து மறித்தாள்.

“இப்பத்தான் குடிச்சிட்டு ஒறங்குது. வயிறு நெறஞ்சு கெடக்கு. எழுப்பிராத.”

“தள்ளுக்கா.”

“எதுக்கு எழுப்புத? அதான் ஒன் பாலத்தானே குடிச்சிருக்கு.”

அன்னமேரி ஆயாவைத் தாண்டி உள்ளே போனாள். தொட்டிலில் கையை விட்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்தாள். குழந்தை சிணுங்கியது. அது மூக்கால் இழுக்கவில்லை, நிறுத்தி நிறுத்தி அழவுமில்லை. அந்த மோட்டாரின் சத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அப்போதுதான் கிருஷ்ணப்ரியாவுக்குத் தெரிந்தது. அன்னமேரி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து மாரில் சேர்த்தாள். வயிறு நிறைந்த குழந்தை குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு கண்ணை விழித்து, அம்மா என்று கண்டு, சட்டைப் பட்டனைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அன்னமேரியின் பால் குழந்தையின் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏறிப்போக வேண்டிய நேரம் வந்ததும் குழந்தையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“கால் கடுக்கறதா?” என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள்.

“இனிமேத்தான் மேடம்.”

இதற்குமேல் பீர்மேட்டில் எனக்கு வேலை இல்லை. எலப்புள்ளிக்கு வாருங்கள். கம்பி வளைக்கும் பட்டறையில் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள், அதனால் ஷெட்டில் மோட்டார் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கிருஷ்ணப்ரியாவின் குர்தா நனைந்துவிட்டது. ஆதர்ஷ் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஒரு விரல் விசைப்பலகையின்மேல் இருக்கிறது. நல்லவன். அவள் என்ன சொன்னாலும் அப்படியே நம்புவான்.

“இப்போ?” என்கிறான்.

மணி என் கையில்தான் இருக்கிறது. நான் அடிக்கப்போவதில்லை. நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவனுக்கு ஏதாவது பதில் சொல்லுங்கள்.